வாக்குத் தவமும் கைப்பேசியும்

நாவினால் பேசுவது மட்டுமே வாக்கு என்று கருதுதல் கூடாது. எழுதுவதும், பிறர் எழுதியதை அனுப்புவதும், ஒருவரது படத்தைப் பகிர்வதும் வாக்கின் செயல்களே. இதை உணராத வளரிளம் பருவத்தினர், நேரில் சொல்லத் துணியாத கடுஞ்சொற்களைக் கைப்பேசியின் வழியே எளிதாகச் சொல்லிவிடுகின்றனர்.

2020-ஆம் ஆண்டு மே மாதம் டெல்லியில் ஒரு நிகழ்வு வெளிப்பட்டது. பள்ளி மாணவர்கள் இடம்பெற்ற ஓர் இன்ஸ்டாகிராம் குழுவில், தங்கள் வயதையொத்த மாணவிகளின் படங்களை அவர்களது அனுமதியின்றிப் பகிர்ந்து இழிவாகப் பேசியிருந்தனர். அந்த உரையாடலின் பிரதிகள் வெளியான பிறகே பெற்றோர்களுக்கு விஷயம் தெரிந்தது. காவல்துறையின் சைபர் பிரிவு வழக்குப் பதிவு செய்தது.

துன்பத்தின் தன்மை

பள்ளியில் கேலிக்கு ஆளான குழந்தைக்கு முன்பு வீடு புகலிடமாக இருந்தது. இணையவழித் துன்புறுத்தலோ படுக்கையறை வரை தொடர்ந்து வருகிறது. ஒருமுறை வெளியான படம் எத்தனை பேரிடம் சென்றது என்பதை யாரும் அறிய முடியாது. உறக்கமின்மை, பசியின்மை, படிப்பில் நாட்டமின்மை, தனிமை என்று வளரும் துயரம், சிலரை உயிரையே வெறுக்கும் நிலைக்குத் தள்ளுகிறது.

துன்புறுத்துபவனும் தப்புவதில்லை. எதிரில் இருப்பவரின் கண்ணீரைக் காணாமலேயே புண்படுத்திப் பழகியவனின் மனத்தில் அந்தச் சம்ஸ்காரம் ஆழப் பதிகிறது. இரக்கம் மெல்ல வற்றுகிறது.

வாக்கின் சோதனை

பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயம், 15-ஆவது சுலோகம் வாக்கினால் செய்யும் தவத்தை விளக்குகிறது. அதிலிருந்து நான்கு கேள்விகளை நாம் பெறலாம். இச்செய்தி பிறர் மனத்தைக் கலங்கச் செய்யுமா? இது உண்மையா? இனிமையானதா? நன்மை பயக்குமா? அனுப்புவதற்கு முன் விரலை ஒரு கணம் நிறுத்தி இவற்றைக் கேட்பதே இக்காலத்து இளைஞனுக்கு உரிய தவம். ‘உண்மையைத்தானே சொன்னேன்’ என்ற வாதம் இங்கே செல்லாது. உண்மை என்பது நான்கில் ஒன்று மட்டுமே.

விகர்ணனின் துணிவு

இத்தகைய குழுக்களில் எழுதுபவர் சிலர். பார்த்துக்கொண்டு மௌனமாக இருப்பவர் பலர். மகாபாரதத்தின் சூதாட்ட சபையும் அத்தகையதே. திரௌபதி நியாயம் கேட்டபோது பீஷ்மர் போன்ற பெரியோரும் தெளிவான விடை கூறவில்லை. அவளுக்காக எழுந்து பேசியவன் துரியோதனனின் தம்பி விகர்ணன்! தன் கூட்டத்தாரின் ஏளனத்துக்கு அவன் அஞ்சவில்லை. ‘இது தவறு, நிறுத்து’ என்று நண்பர்கள் குழுவில் முதலில் சொல்லும் மாணவனே இன்றைய விகர்ணன்.

பெற்றோரின் கடமை

கைப்பேசியைப் பறித்துவிடுவார்கள் என்ற அச்சத்தால் குழந்தைகள் பலர் தங்கள் துன்பத்தை மறைக்கின்றனர். ஆகவே முதலில் கோபமின்றிக் கேளுங்கள். ‘இதில் உன் குற்றம் எதுவும் இல்லை’ என்று உறுதி கூறுங்கள். பதில் வசை அனுப்பாமல், செய்திகளைச் சான்றாகச் சேமித்து, அனுப்பியவரைத் தடை செய்யுங்கள். பள்ளியிலும், தேவையெனில் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் முறையிடலாம். குழந்தைகள் உதவிக்கு 1098, மன ஆறுதலுக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம். பிறரது அந்தரங்கப் படத்தை அனுமதியின்றி வெளியிடுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள்.

சிந்தனைக்கு

1. இன்று நான் அனுப்பிய செய்திகளில் எத்தனை இந்த நான்கு கேள்விகளையும் கடந்து நிற்கும்?
2. யாரேனும் ஏளனம் செய்யப்பட்டபோது நான் மௌனமாக இருந்தேனா?
3. துயருறும் ஒரு தோழனுக்கு இன்று நான் அனுப்பக்கூடிய நல்வார்த்தை எது?

மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்ததும் அதை உடனே அனுப்பிவிடுங்கள். அதுவே இப்பாடத்தின் முதற்பயிற்சி.