தரவுத்தளத்தில் பைத்தான்: பிழைச்செய்தியைப் படிக்கும் முறை

தகவல்களை அட்டவணைகளாகச் சேர்த்துவைக்கும் தொடர்புசார் தரவுத்தளங்களுள் போஸ்ட்கிரெஸ் குறிப்பிடத்தக்கது. 1986ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்விலிருந்து இது வளர்ந்தது. பைத்தான் போன்ற பிற மொழிகளில் எழுதிய செயற்கூறுகளையும் தனக்குள்ளேயே இயக்க இடந்தருவது இதன் சிறப்பாகும். பைத்தானை இணைக்கும் நீட்சிக்கு ‘பிஎல்பைத்தான்3யூ’ என்று பெயர்.

‘கிரியேட் எக்ஸ்டென்ஷன்’ என்னும் ஒரே கட்டளையில் இணைப்பு முடிந்துவிட வேண்டும். ஆனால் பலருக்கு முதலில் கிடைப்பது பிழைச்செய்தியே. உடனே அனைத்தையும் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவ முற்படுவோரை நான் பார்த்திருக்கிறேன். அது தேவையற்றது. நோய் இன்னதென்று செய்தியே சொல்லிவிடுகிறது. அவற்றை நான் நான்கு வகையாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் வகை, ‘கட்டுப்பாட்டுக் கோப்பைத் திறக்க இயலவில்லை’ என்பது. நீட்சி கணிப்பொறியில் இல்லை என்பதே இதன் பொருள். உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் இது தனித்தொகுப்பாகவே கிடைக்கிறது. போஸ்ட்கிரெஸின் பதிப்பெண்ணுக்குப் பொருந்தும் தொகுப்பை நிறுவினால் போதும்.

இரண்டாம் வகை, ‘நூலகத்தை ஏற்ற இயலவில்லை, குறிப்பிட்ட கூறு காணப்படவில்லை’ என்பது. விண்டோஸில் இதனை மிகுதியாகக் காணலாம். செய்தியில் பெயர் சொல்லப்பட்ட கோப்போ, தேடினால், உரிய இடத்திலேயே இருக்கும்! உண்மையில் இல்லாதது, அக்கோப்பு சார்ந்திருக்கும் பைத்தானின் நூலகக் கோப்பாகும். நீட்சி எந்தப் பைத்தான் பதிப்பைக் கொண்டு உருவாக்கப்பட்டதோ, அதே பதிப்பு வேண்டும்; அதைவிடப் புதியது உதவாது. அதனை நிறுவி, கணிப்பொறி முழுமைக்குமான தேடுபாதையில் சேர்த்து, தரவுத்தளச் சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டும்.

மூன்றாம் வகை, நீட்சி இணைந்தபின் தோன்றுவது. நம் முனையத்தில் நன்கு இயங்கும் பைத்தான் தொகுதி, தரவுத்தளத்துக்குள் ‘இல்லை’ என்று வரும். செயற்கூறு இயங்குவது நம் கணக்கில் அன்று; சேவையகத்தின் கணக்கில். நம் கோப்புறையில் நிறுவியதை அது அறியாது. பைத்தானின் பதிப்பையும் தேடுபாதையையும் திருப்பித்தரும் சிறு செயற்கூறு ஒன்றை எழுதிப் பார்த்தால் ஐயம் நீங்கும்.

நான்காம் வகை, ‘அனுமதி இல்லை’ என்பது. இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பெயரின் இறுதியிலுள்ள ‘யூ’, ‘நம்பிக்கைக்கு உட்படாதது’ என்பதைக் குறிக்கும். இம்மொழியில் எழுதிய செயற்கூறு, சேவையகக் கணக்குக்கு எட்டும் கோப்புகளையெல்லாம் படிக்கலாம், அழிக்கவும் செய்யலாம். ஆகவேதான் தலைமைப் பயனர் மட்டுமே இதனை உருவாக்க விதிக்கப்பட்டுள்ளது. ‘வேலை நடந்தால் போதும்’ என்று எல்லார்க்கும் தலைமை உரிமை வழங்குவது, ஒரு பூட்டைத் திறக்க வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பதற்கு ஒப்பாகும். மாணவர் மதிப்பெண்கள் இருக்கும் தரவுத்தளமாயின் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ?

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. 2022ஆம் ஆண்டு வெளிவந்த 15ஆம் பதிப்பிலிருந்து பைத்தான் 2க்கான நீட்சி நீக்கப்பட்டுவிட்டது. பழைய பாடக்குறிப்புகளில் அப்பெயரைக் கண்டு முயல்வது வீண்.

ஆக, முதல் மூன்று செய்திகளும் ஏதோ ஒன்று குறைவதைக் காட்டுகின்றன. அதனைத் தேடி நிரப்பலாம். நான்காவதோ காவல். அதனை உடைக்காமல், உரியவரிடம் அனுமதி கேட்பதே முறை.