ரேடாருக்கு அதன் அலையையே திருப்பிக் கொடுக்கும் நினைவகம்

கேள்வி: எதிரி ரேடாரின் அலையைப் பதிவுசெய்து, அதையே திருப்பி அனுப்பி ஏமாற்றும் கருவி போர் விமானங்களில் இருப்பதாகப் படித்தேன். ரேடாரைக் குழப்ப வெறும் இரைச்சலை வீசினால் போதாதா? நொடிக்கு ஆயிரம் கோடி முறை அதிரும் நுண்ணலையை எந்த நினைவகம் பதிவுசெய்யும்?
– பொறியியல் மாணவி, திருச்சி

பதில்: பழைய ரேடார்களுக்கு இரைச்சல் போதும். இன்றைய ரேடார், தான் அனுப்பிய துடிப்பின் வடிவத்தை வைத்துக்கொண்டு, வந்துசேரும் அலையோடு ஒப்பிடுகிறது. வடிவம் பொருந்தினால் எதிரொலி பல மடங்கு ஓங்கித் தெரியும். இரைச்சலுக்கு அந்த உயர்வு கிடைக்காது. ஆகவே, அதன் அலையையே அதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதைச் செய்வது டிஜிட்டல் ரேடியோ ஃப்ரீக்வென்சி மெமரி, சுருக்கமாக டி.ஆர்.எஃப்.எம்.

10 கிகாஹெர்ட்ஸ் அலையை அப்படியே பதிவுசெய்ய வேண்டியதில்லை. கருவியிலுள்ள ஆஸிலேட்டரின் அலையோடு அதைக் கலந்து, அதிர்வெண்ணைக் கீழே இறக்குகிறார்கள். 500 மெகாஹெர்ட்ஸ் அகலப் பட்டையைப் பிடிக்க, நைக்விஸ்ட் விதிப்படி நொடிக்கு 100 கோடி மாதிரிகளாவது எடுக்க வேண்டும். 20 மைக்ரோ நொடி நீளும் துடிப்புக்கு 20,000 மாதிரிகள். மாதிரிக்கு 8 பிட் என்றால் வெறும் 20 கிலோபைட். கொள்ளளவு இங்கே சிக்கலே இல்லை, வேகம்தான் சிக்கல். மாதிரிகளை மீண்டும் அலையாக்கி, அதே ஆஸிலேட்டரைக் கொண்டு பழைய அதிர்வெண்ணுக்கு உயர்த்துகிறார்கள். ‘அதே’ என்பது முக்கியம்: அப்போதுதான் துடிப்புக்குத் துடிப்பு அலையின் கட்டம் குலையாமல் இருக்கும்.

முன்பு அலையைத் தாமதக் கம்பிச் சுற்றில் சுழலவிட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரைச்சல் ஏறி, விரைவில் அலை கெட்டுவிடும். எண்களாகச் சேமித்த அலை கெடுவதில்லை.

ஏமாற்று இப்படி நடக்கும். முதலில் நகலைத் தாமதமின்றி, உண்மையான எதிரொலியைவிடச் சற்று வலுவாக அனுப்புவார்கள். ரேடார் அதைப் பற்றிக்கொள்ளும். பிறகு தாமதத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். 1 மைக்ரோ நொடித் தாமதத்துக்கு 150 மீட்டர் வீதம் பொய் விமானம் பின்னே விலகும். டாப்ளர் மாற்றமும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். 10 கிகாஹெர்ட்ஸில், நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் நெருங்கும் விமானத்துக்கு அது 20 கிலோஹெர்ட்ஸ். தூரம் ஒன்றும் வேகம் வேறொன்றும் சொன்னால் ரேடார் கண்டுபிடித்துவிடும். இறுதியில் நகலை நிறுத்தினால், ரேடார் இலக்கை இழந்து மறுபடி தேட வேண்டியிருக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. கேட்ட அலையைத்தான் திருப்பிச் சொல்ல முடியும். விமானத்துக்கு முன்னால் பொய் இலக்கைக் காட்ட, அடுத்த துடிப்பை ஊகிக்க வேண்டும். ரேடார் துடிப்புதோறும் அதிர்வெண்ணையும் குறியீட்டையும் மாற்றினால் ஊகம் பொய்க்கும். விமானத்திலிருந்தே அனுப்பும் நகல், அது இருக்கும் திசையையும் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் லியோனார்டோ நிறுவனத்தின் பிரைட்கிளவுட் என்னும் ஏமாற்றுக் கருவி, இந்த நினைவகத்தை 55 மில்லிமீட்டர் உருளைக்குள் அடக்கி, விமானத்திலிருந்து வெளியே வீச வைக்கிறது. அப்போது திசையும் பொய்யாகிறது.

நம் நாட்டில் ஹைதராபாத்தின் பாதுகாப்பு மின்னணுவியல் ஆய்வகம் மின்னணுப் போர்முறையில் உழைக்கிறது. இத்துறையில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால், அதிர்வெண் ஏறிச்செல்லும் ஒரு துடிப்பைக் கணினியில் உருவாக்கி, 1 பிட்டிலும் 8 பிட்டிலும் நகலெடுத்து, இரண்டையும் அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சமிக்ஞைச் செயலாக்கத்தின் அடிப்படை அந்தப் பயிற்சியிலேயே உங்களுக்கு வசப்படும்.