புற்றுநோய்ச் சொற்களும் செவிலியர் கடமையும்

வைத்தியரிடம் கேட்க நாணியதை, அவர் அகன்றபின் நோயாளி செவிலியரிடம் கேட்பது மருத்துவமனையிற் பழகினோர் யாவரும் அறிந்ததே. அவ்வேளையில் ஒரு சொல்லின் பொருளைச் செவிலியர் பிறழ உணர்ந்திருப்பின், வேண்டாத அச்சமோ வீணான நம்பிக்கையோ நோயாளியின் உள்ளத்திற் புகும். ஆதலின், புற்றுநோயைப்பற்றி வழங்கும் சொற்கள் சிலவற்றையும், சிகிச்சை முறைகளின் அடிப்படையையும், செவிலியர் கலை பயிலும் மாணாக்கர் பொருட்டு ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

நம் உடலின் உயிரணுக்கள் ஓர் ஒழுங்கிற்குட்பட்டே பிரிந்து பெருகுகின்றன; முதிர்ந்தவை மடிகின்றன. உயிரணுவினுள் இருக்கும் மரபுக்கூறுகள் மாறுபட்டு இவ்வொழுங்கு குலையுமாயின், அவ்வணுக்கள் அளவின்றிப் பெருகி அண்டையிலுள்ள திசுக்களை ஊடுருவும். இதுவே புற்று. இஃது ஒட்டுவாரொட்டி அன்று. நோயாளியைத் தொடுவதாலோ உடனிருந்து உண்பதாலோ பிறர்க்கு வாராது. இதனை உறவினர்க்கு எடுத்துரைத்தலே செவிலியரின் முதற்றொண்டாகும்.

கட்டி யாவும் புற்றல்ல. தீங்கற்ற கட்டி தோன்றிய இடத்திலேயே நிற்கும். தீய கட்டியோ இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் சென்று வேறோர் உறுப்பிற் குடிகொள்ளும். எனினும், மூளைபோன்ற இடத்தில் தீங்கற்ற கட்டியும் நெருக்குதலால் ஆபத்து விளைக்கக்கூடும். பரவிய புற்றுக்குப் பிறந்த இடத்தின் பெயரே நிலைக்கும். மார்பகப் புற்று எலும்பிற் பரவினும் அது மார்பகப் புற்றே; சிகிச்சையும் அதற்குரியதே.

பிறப்பிடம் பற்றிப் பெயர்களும் வேறுபடும். தோலிலும் உறுப்புக்களின் உட்படலத்திலும் தோன்றுவது கார்சினோமா. எலும்பு, தசை, கொழுப்பு முதலியவற்றில் தோன்றுவது சார்கோமா. இரத்தம் உண்டாகும் மச்சையில் தோன்றுவது லுகேமியா. நிணநீர் மண்டலத்தில் தோன்றுவது லிம்போமா. இன்ன வகையென்று துணிதற்குப் பெரும்பாலும் திசுவிற் சிறிது எடுத்து ஆராய்தல் வேண்டும். இதனைப் பயாப்ஸி என்பர்.

தரம், நிலை என்னும் இரு சொற்களை மயங்குவோர் பலர். நுண்ணோக்கியிற் காணுங்கால் அணுக்கள் இயல்பினின்று எவ்வளவு திரிந்துள்ளன என்பதைக் காட்டுவது தரம். நோய் உடலில் எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதைக் காட்டுவது நிலை. கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்களின் பாதிப்பு, தொலைவிற் பரவல் ஆகிய மூன்றையும் டி, என், எம் என்னும் எழுத்துக்களாற் குறிப்பர். தரம் மூன்றாயினும் நிலை ஒன்றாயிருத்தல் கூடும். இவ்வேறுபாட்டை அறியாத நோயாளி, அறிக்கையில் 3 என்னும் எண்ணைக் கண்ட மாத்திரத்தே மனமுடைதல் உண்டு.

இனிச் சிகிச்சையை நோக்குவோம். அறுவை சிகிச்சையும் கதிர் சிகிச்சையும் பெரும்பாலும் ஓரிடத்து நோய்க்கு உரியன. மருந்துச் சிகிச்சையோ உடல் முழுதும் சென்று தொழிற்படும். ராண்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிரையும், கியூரி தம்பதியர் 1898இல் ரேடியத்தையும் கண்டபின் கதிர் சிகிச்சை தோன்றிற்று. வெளியிலுள்ள கருவியினின்று கதிர் பெற்றவர் கதிர் வீசுபவர் ஆகார்; தாய் தன் மகவை அச்சமின்றித் தழுவலாம். கதிர்ப்பொருளை உடலினுள் வைத்திருக்கும்போது மட்டும் நேரம், தொலைவு, தடுப்பு ஆகிய காப்புமுறைகள் வேண்டும்.

1948இல் பாஸ்டன் நகரத்து ஸிட்னி பார்பர், அமினாப்டெரின் என்னும் மருந்தால் சிறுவரின் லுகேமியா சிறிது காலம் அடங்கியதை வெளியிட்டார். அம்மருந்தை ஆக்கிய ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். அன்று அடங்கிய நோய் மீண்டும் தோன்றிற்று. நோயடங்கல் வேறு, நோய் நீங்கல் வேறு என்பதற்கு இதுவே சான்று. அடங்கியபின்னும் மருந்தை நிறுத்தலாகாது என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயாம். இக்காலத்தில், அச்சிறுவரிடை மிகுதியாகக் காணும் லுகேமியா வகையில், பல மருந்துகளை முறைப்படி முழுவதும் பெறுவோருட் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

இம்மருந்துகள் விரைந்து பெருகும் நல்லணுக்களையும் தாக்குவதால் முடி உதிரும், வாய் புண்ணாகும், வெள்ளணுக்கள் குறையும். வெள்ளணுக்கள் மிகக் குறைவது பெரும்பாலும் மருந்தேற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள்ளாம். அப்பொழுது சுரம் 100.4 பாகையை எட்டினால் அஃது அவசரம். விடியட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியர்க்கு அறிவித்தல் வேண்டும். சீழும் சிவப்பும் இல்லையென்று ஏமாறலாகாது. அவற்றை உண்டாக்கும் அணுக்களே அப்போது அரிதல்லவா? மருந்தேறும் இடத்தில் எரிச்சலோ வீக்கமோ கண்டால், அக்கணமே ஏற்றுதலை நிறுத்துதல் வேண்டும்.

தணிப்புச் சிகிச்சை என்பது கைவிடுதல் அன்று. நோவையும் மூச்சுத்திணறலையும் மனத்துயரையும் நீக்கும் அம்முறை, குணமாக்கும் சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே சேர்ந்து நடைபெறலாம். 1967இல் லண்டனிற் செயின்ட் கிறிஸ்டபர் இல்லத்தைத் திறந்து இதற்கு வழிகாட்டிய ஸிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார், வைத்தியர் ஆவதற்கு முன் செவிலியராய்ப் பயின்றவரே என்பதை நம் மாணாக்கர் நினைவிற் கொள்க.

நோயின் பெயரை முதன்முதல் அறிவித்தல் வைத்தியர் கடமை. அறிவித்த சொல்லை நோயாளிக்கு விளங்கச் செய்தலும், விளங்காத வினாவை வைத்தியரிடம் மீண்டும் கொண்டு சேர்த்தலும் செவிலியர் கடமை. அதற்குச் சொற்களைப் பொருளுணர்ந்து கற்போமாக.