பேக்யார்ட் பேஸ்பால்: பவர் ஷாட்டை எப்போது அடிப்பது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? மௌஸ் கையில் பழக ஒரு நல்ல கேம் பேக்யார்ட் பேஸ்பால். அமெரிக்காவின் ஹ்யூமங்கஸ் என்டர்டெயின்மெண்ட் நிறுவனம் 1997-ல் வெளியிட்டது. 30 சிறுவர் சிறுமியரிலிருந்து 9 பேரைத் தேர்ந்தெடுத்து அணி அமைக்க வேண்டும். பெரும்பாலும் கிளிக் செய்தே ஆடிவிடலாம்.

முதலில் பாப்லோ சாஞ்செஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷ் பேசும் இந்தக் குட்டைப் பையனின் பட்டப்பெயர் ‘ரகசிய ஆயுதம்’. பேட்டிங், ஓட்டம் இரண்டிலும் கெட்டிக்காரன். ஆனால் பாப்லோ மட்டும் இருந்தால் போதாது. ஆட்டத்தைத் திருப்புபவை பவர்-அப் எனப்படும் சிறப்பு அடிகள்.

நான்கு சிறப்பு அடிகள்

1. அலுமினியம் பவர்: மர மட்டைக்குப் பதில் அலுமினிய மட்டை வரும். சரியாகப் பட்டால் பந்து வெகுதூரம் பறக்கும்.
2. ஸ்க்ரீமிங் லைன் டிரைவ்: பந்து தாழ்வாக, நேராகச் சீறிப் பாயும். குறுக்கே நிற்கும் ஃபீல்டரைச் சாய்த்துவிடும்.
3. அண்டர்கிரவுண்டர்: பந்து மண்ணுக்குள் புகுந்து வேறு இடத்தில் வெளியே வரும்.
4. கிரேஸி பண்ட்: மெல்லத் தட்டிய பந்து கண்டபடி துள்ளும். பிடிப்பது கடினம்.

எப்படிப் பெறுவது?

பேட்டிங் பவர்-அப்பைச் சம்பாதிப்பது ஃபீல்டிங்கில்! ‘டபுள் பிளே’ செய்ய வேண்டும். அதாவது ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்க வேண்டும். கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கு ஒரு விக்கெட்தான், பேஸ்பாலில் அப்படியில்லை.

எதிரணி ஆட்டக்காரர் முதல் பேஸில் நிற்கும்போது பந்து தரையில் உருண்டு வந்தால் அவசரப்படாதீர்கள். முதலில் இரண்டாம் பேஸைக் கிளிக் செய்து எறியுங்கள்; அடுத்து முதல் பேஸுக்கு எறியுங்கள். இரண்டு பேரும் அவுட் ஆனால் பவர்-அப் உங்களுக்கு.

எப்போது அடிப்பது?

புதியவர்கள் செய்யும் தவறு, கிடைத்தவுடன் அடித்துவிடுவது. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் பாப்லோவுக்கே அலுமினியம் பவரைக் கொடுத்து வீணடித்தேன். ஹோம் ரன் போனது. ஆனால் பேஸ்களில் யாரும் இல்லை. கிடைத்தது 1 ரன். மூன்று பேஸிலும் ஆள் இருந்திருந்தால் அதே அடிக்கு 4 ரன்!

எனவே அடிக்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். பேஸ்களில் எத்தனை பேர்? அடிக்கப்போவது யார்? பாப்லோ தன் பலத்திலேயே ஹோம் ரன் அடிப்பான். அலுமினியம் பவரைப் பேஸ்கள் நிறைந்திருக்கும்போது பலம் குறைந்த பையனுக்குக் கொடுங்கள். கிரேஸி பண்ட்டை வேகமாக ஓடுபவருக்கு வையுங்கள். மட்டையைச் சுழற்றும் நேரம் பிடிபடவில்லை என்றால், பேட்டிங் பிராக்டிஸில் மிஸ்டர் கிளாங்கி என்ற பந்து வீசும் இயந்திரத்துடன் பழகிக்கொள்ளலாம்.

எங்கே வாங்குவது?

பழைய கேம் என்பதால் ‘இலவச டவுன்லோடு’ தளங்களில் தேடத் தோன்றும். வேண்டாம். அங்கே கிடைக்கும் செட்அப் ஃபைலுக்குள் வைரஸ் இருந்தால் உங்கள் போட்டோக்கள், பாஸ்வேர்டுகள் எல்லாம் ஆபத்தில்தான். 2024 அக்டோபரில் இந்த கேம் ‘பேக்யார்ட் பேஸ்பால் 97’ என்ற பெயரில் ஸ்டீம் தளத்தில் முறைப்படி மீண்டும் வெளியானது. அதை வாங்குங்கள். பணம் கட்டும் முன் உங்கள் கம்ப்யூட்டர் அதற்குப் பொருந்துமா என்று அதே பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

இன்று ஒரு ஆட்டம் ஆடுங்கள். முதல் பவர்-அப்பை உடனே செலவழிக்காமல், பேஸ்கள் நிறையும்வரை காத்திருந்து அடித்துப் பாருங்கள். வித்தியாசம் ஸ்கோர் போர்டில் தெரியும்.