தேய வேண்டியதைத் தேய விடுங்கோ



ஒலியில் கதைக்கேக்க பொருட்களின் பெயர்களும் எண்களும் காதில் நிக்காது. அதனால் இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு விஷயத்தை ஆறுதலாகப் பார்ப்பம்: கராஜில் நாங்களே கட்டுற கருவிகளில் உரசித் தேயிற பாகங்களை எந்தப் பொருளில் செய்யிறது?

கன பேர் "எது தேயாது?" என்று தேடுவினம். நான் அதைக் கேக்கிறதில்லை. உரசினால் எல்லாம் தேயும். "எது தேயவேணும்?" என்றதுதான் முதல் கேள்வி.

உங்கட கியர் சைக்கிளையே பாருங்கோ. செயின் தேய்ஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக நீளும். 0.75 சதவீதம், அதாவது மீட்டருக்கு ஏழரை மில்லிமீட்டர் நீண்டதும் மாத்திவிடச் சொல்லுவினம். 11, 12 கியர் என்றால் 0.5 சதவீதத்திலேயே மாத்தவேணும். மாத்தாமல் ஓடினால் பின்சில்லின் பல்லுகளும் சேர்ந்து தேயும், செலவு கூடும். மலிவான செயினைப் பலி குடுத்து விலை கூடின பல்லைக் காப்பாத்துறம். வீட்டில் கட்டுற கருவிக்கும் இதே கணக்குத்தான். அச்சைச் செய்யிறது கஷ்டம், அதைத் தாங்கிற புஷ் லேசு. அப்ப புஷ்தான் தேயவேணும்.

எறும்பூரக் கல்லும் தேயும்

இந்தப் பழமொழியை அம்மா அப்பா சொல்லிக் கேட்டிருப்பீங்கள். 1953இல் ஆர்ச்சார்ட் என்ற ஆய்வாளர் கிட்டத்தட்ட இதையே சூத்திரமாக எழுதினார். தேய்மானம் சுமையோடும் உரசின தூரத்தோடும் கூடும். மென்மையான பக்கம் எவ்வளவு கடினமோ, அவ்வளவுக்குக் குறையும்.

ஆனால் இரண்டு விஷயம் கவனம். ஒன்று, மென்மையான பாகத்தில் மண்ணோ இரும்புத் தூளோ ஏறிப் பதிஞ்சால், அது அரத்தாள் மாதிரி அச்சையே தின்னும். கிணத்துக் கட்டில் கயிறு வெட்டின பள்ளத்தைப் பார்த்திருந்தால் விளங்கும். கயிறு மென்மைதான், அதில் ஒட்டின மண் மென்மையில்லை. இரண்டு, ஒரே உலோகத்தை இரண்டு பக்கமும் போடாதேங்கோ. சாதாரண இரும்போடு இரும்பு உரசினால் ஒட்டிப் பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு இன்னும் மோசம். பொருளைத் தனியாகத் தெரிவு செய்யாமல் சோடியாகத் தெரிவு செய்யுங்கோ.

கணக்கு

அழுத்தத்தையும் வேகத்தையும் பெருக்கிப் பார்க்கிறதுதான் எளிய வழி. என்ர டிஸ்க் சாண்டருக்கு 15 மி.மீ. அச்சு, 20 மி.மீ. நீளப் புஷ், சுமை 60 நியூட்டன் என்று வையுங்கோ. 15ஐ 20ஆல் பெருக்கினால் 300 சதுர மில்லிமீட்டர். ஆக, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.2 நியூட்டன் அழுத்தம். இங்கத்த 50 ஹேர்ட்ஸ் கரண்டில் நாலு துருவ மோட்டர் நிமிசத்துக்குக் கிட்டத்தட்ட 1400 சுற்றுச் சுத்தும். அச்சின் மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு 1.1 மீட்டர். பெருக்கினால் 0.22.

எண்ணெய் போடாத பிஓஎம் பிளாஸ்டிக் தாங்கிறது 0.1 அளவுதான். எண்ணெய் ஊறின சின்டர் வெண்கலம் 1.7 வரைக்கும் தாங்கும். வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்யிற புஷ் அது. அதின்ர கன அளவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் நிரம்பின நுண்துளைகள். இதே அச்சைக் கையால் நிமிசத்துக்கு 60 சுற்று சுத்தினால் கணக்கு 0.01தான், பிஓஎம் தாராளமாகப் போதும்.

அப்ப நான் வெண்கலமா போட்டேன்? இல்லை. மரத்தூள் எண்ணெயை உறிஞ்சிப் பசை மாதிரி ஆகும். தூசி பறக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் ரப்பர் மூடின பந்துத் தாங்கி, 6202-2ஆர்எஸ், நல்லம். 15-க்கு 35-க்கு 11 மி.மீ., உலகம் முழுக்க ஒரே அளவு.

மற்றப் பொருட்கள் சுருக்கமாக

நைலோன் உறுதி, ஆனால் தண்ணி குடிக்கும். நைலோன் 6 முழுசாக ஊறினால் நிறையில் 9 சதவீதம் வரைக்கும் ஏறும். ஓட்டை சுருங்கி அச்சை இறுக்கும். ஹீட்டர் இல்லாத டேனிஷ் கராஜுக்கு பிஓஎம் பொருத்தம். அது குடிக்கிறது 1 சதவீதத்துக்கும் குறைவு.

டெஃப்லான் மிகவும் வழுக்கும், ஆனால் தனியாகப் போட்டால் கெதியாகத் தேயும், சுமையில் நசுங்கும். நகருற தட்டுக்கும் வழிகாட்டிப் பட்டைக்கும் யூஎச்எம்டபிள்யூ பொலிஎத்திலீன் அருமை, ஆனால் 80 பாகைக்கு மேலே சூடாக விடக்கூடாது. மெழுகு பூசின பீச் மரமும் இந்த வேலைக்குக் காணும். பிஎல்ஏயில் பிரிண்ட் செய்த புஷ் கிட்டத்தட்ட 60 பாகையில் இளகும். அளவு பார்க்கப் போடலாம், ஓட விடாதேங்கோ.

ஹேர்னிங் தச்சர்

இப்படி யோசிச்சு வென்ற ஆள் எங்கட யூலாந்திலேயே இருந்தவர். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, ஹேர்னிங் பக்கத்துத் தச்சர் கிறிஸ்டியான் ரீஸேயர் தன்ர வளவிலேயே 22 கிலோவாட் காற்றாலை ஒன்று கட்டினார். 1957இல் யொஹானஸ் யூல் கெட்ஸரில் கட்டின 200 கிலோவாட் ஆலைதான் அவருக்கு மாதிரி. அது பெரிய பராமரிப்பு இல்லாமல் பத்து வருசத்துக்கு மேலே ஓடினது. ரீஸேயர் ஜெனரேட்டருக்குச் சாதாரண மின்மோட்டர் போட்டார். கியருக்கும் பிரேக்குக்கும் வாகனப் பாகங்கள். அது வேர்க்ஷொப் கருவி இல்லைத்தான். ஆனால் ஒரு காற்றாலையில் கூடத் தேயிறது கியரும் பிரேக்கும். அந்த இரண்டையும் அவர் கடையில் கிடைக்கிற பாகமாகவே வைச்சார். தேய்ஞ்சால் புதுசு வாங்கலாம். நாங்களும் தேயிற பாகத்தைக் கடை அளவுக்கு வைச்சு, மிச்சத்தை அதைச் சுத்திக் கட்டுவம்.

உயிர் முக்கியம்

பழைய பிரேக் லைனிங்கை எடுத்து ராவிப் பாவிக்காதேங்கோ, அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். பிஓஎம் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் ஃபோர்மல்டிஹைட் வரும், அதை லேசரில் வெட்ட வேண்டாம். வேகமாகச் சுத்துற அச்சில் புஷ் தளர்ந்தால் டிஸ்க் ஆடும், விரல் போகும். ஆகவே மூடியைக் கழட்டாமலே தேய்மானத்தைப் பார்க்க ஒரு வழி வையுங்கோ. பிளக்கைக் கழட்டிப்போட்டு அச்சைக் கையால் ஆட்டிப் பார்க்கிறதும் நல்ல பழக்கம்.

இந்தக் கிழமை வீட்டுவேலை இரண்டு. அப்பாவோ மாமியோ ஃபக்டரியில் வேலை செய்திருந்தால், "மெஷினில் எதை அடிக்கடி மாத்தினனீங்கள்?" என்று கேளுங்கோ. பொருள் பற்றி நல்ல பாடம் வரும். பிறகு நீங்கள் கட்டின கருவியின் மூடிக்குள்ள ஒரு சின்ன லேபல் ஒட்டி, தேயிற பாகத்தின் பெயர், அளவு, மாத்தின திகதி மூன்றையும் எழுதுங்கோ. ஐந்து வருசத்துக்குப் பிறகு அதைத் திறக்கிறது நீங்களோ வேற ஆரோ, அந்த லேபல் இருந்தால் வேலை பத்து நிமிசத்தில் முடியும்.

அடுத்த எபிசோடில் சந்திப்பம்!