பழைய பொருள் விற்பவர்களுக்கு ஓர் எக்ஸெல் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் படம் பார்க்கவும், பாட்டுக் கேட்கவும், கடிதம் டைப் செய்யவும் பழகி விடுகின்றனர். அதன் பின்னர் "இதனால் வீட்டு வருமானத்திற்கு ஏதேனும் பயன் உண்டா?" என்ற கேள்வி வருகிறது. உண்டு. அதற்குப் பெரிய சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை. எக்ஸெல் தொகுப்பில் ஒரே ஓர் ஒர்க் ஷீட் போதும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பை டவுன்லோட் செய்து பயன்படுத்தலாம்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். வீடு காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத்தில் உள்ளது. வார நாட்களில் அலுவலகம். சனி, ஞாயிறுகளில் நானும் என் மனைவியும் பழைய மானிட்டர், பிரிண்டர், கீபோர்ட், படிக்கும் மேசை போன்றவற்றை வாங்கி, சுத்தம் செய்து, பழுது நீக்கி விற்கிறோம். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் வாடகை வீடு மாறும்போது இவற்றை விற்றுவிட்டுப் போவார்கள். கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இவற்றுக்குத் தேவை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எப்படி ஓடும் என்று சொன்னால் ஒர்க் ஷீட் ஏன் தேவை என்பது புரியும். காலை ஆறரைக்கு நான் பைக்கில் ஒரகடம் கிளம்புவேன். வீட்டில் என் மனைவி முந்தைய நாள் வந்த பொருட்களைத் துடைத்து, போட்டோ எடுத்து, ஓஎல்எக்ஸ் தளத்திலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் போடுவார். ஒன்பது மணிக்கு போன் தொடங்கும். "அக்கா, அந்த டேபிளைக் கடைசியா எவ்வளவுக்குத் தருவீங்க?" என்று காஞ்சிபுரத்திலிருந்து ஒருவர் கேட்பார். அதே நேரத்தில் எனக்கும் ஓர் அழைப்பு வரும். "அண்ணா, டேபிள் இன்னும் இருக்கா?" மதியத்திற்கு மேல் ஆட்கள் நேரில் வந்து சோதித்துப் பார்ப்பார்கள். மாலையில் குட்டி யானை வண்டி பிடித்துப் பெரிய பொருட்களை அனுப்ப வேண்டும். இரவு எட்டு மணிக்குத்தான் உட்கார நேரம் கிடைக்கும்.

இந்த நாளில் மூன்று கேள்விகளுக்கு உடனே பதில் வேண்டும். இந்தப் பொருளை எந்த விலைக்குக் கீழே தரக் கூடாது? இது இன்னும் இருக்கிறதா, வேறு ஒருவருக்குப் பேசியாயிற்றா? இத்தனை உழைப்பில் உண்மையாக எவ்வளவு மிஞ்சுகிறது? முதல் இரண்டுக்கும் கணவன் ஒரு பதிலும் மனைவி வேறு பதிலும் சொன்னால், சிறிய ஊரில் பெயர் கெட்டுப் போகும். மூன்றாவதற்குப் பதில் தெரியாவிட்டால் லாபம் என்று நினைத்து வீட்டுப் பணத்தை முடக்கிக் கொண்டே இருப்போம்.

ஒரு பொருளுக்கு ஒரு வரிசை

மளிகைக் கடையில் ஒரே சோப்பு நூறு இருக்கும், விலையும் ஒன்றுதான். பழைய பொருளில் அப்படி இல்லை. இரண்டு மானிட்டர்கள் ஒரே மாடலாக இருந்தாலும் வாங்கிய விலை வேறு, பழுதுச் செலவு வேறு. எனவே மொத்தமாகக் கணக்கு எழுதினால் பயன் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரிசை வேண்டும். எங்கள் பக்கத்துப் பட்டு நெசவில் இந்த முறை பழையது. கொடுத்த பட்டையும் ஜரிகையையும் எடை போட்டு எழுதுவார்கள்; நெய்து வந்த சேலையையும் எடை பார்ப்பார்கள். எது எங்கே போயிற்று என்பது அதில் தெரிந்து விடும்.

எக்ஸெல் திறந்து புதிய ஒர்க் புக் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். முதல் படுக்கை வரிசையில் கீழ்க்காணும் தலைப்புகளை டைப் செய்திடவும்.

ஏ - எண்
பி - பொருள்
சி - வாங்கிய தேதி
டி - வாங்கிய விலை
இ - செலவு
எப் - குறைந்த விலை
ஜி - நிலை
எச் - விற்ற தேதி
ஐ - விற்ற விலை
ஜே - லாபம்
கே - நாட்கள்

ஏ நெட்டு வரிசையில் தரும் எண்ணையே சிறு ஸ்டிக்கரில் எழுதிப் பொருளின் பின்புறம் ஒட்டி விடுங்கள். இ நெட்டு வரிசையில் ஸ்பேர் பார்ட்ஸ், வண்டி வாடகை, பெட்ரோல், பேக்கிங் என எல்லாவற்றையும் கூட்டி எழுத வேண்டும். பெரும்பாலும் விடுபட்டுப் போவது இதுதான்.

பட்டியல் நீளும்போது தலைப்பு மறையாமல் இருக்க, வியூ டேபில் பிரீஸ் பேன்ஸ் கிளிக் செய்து, பிரீஸ் டாப் ரோ என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். தேதி டைப் செய்யும் முன் இன்னொன்றைக் கவனிக்கவும். கம்ப்யூட்டர் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 5-6 என்பதை மே 6 என்று எடுத்துக் கொள்ளும். விண்டோஸ் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் ரீஜனல் பார்மட் என்பதனை இங்கிலீஷ் (இந்தியா) என மாற்றி விடவும்.

நிலையைப் பட்டியலாகத் தருதல்

ஜி நெட்டு வரிசையில் மூன்று சொற்கள் மட்டுமே வர வேண்டும்: இருப்பு, பேசியது, விற்றது. ஒரு முறை "விற்றது" என்றும் மறுமுறை "விற்றாச்சு" என்றும் டைப் செய்தால் கம்ப்யூட்டர் இரண்டையும் வேறு வேறாக எண்ணும். இதனைத் தவிர்க்க, ஜி2 முதல் ஜி200 வரை உள்ள செல்களைத் தேர்ந்தெடுத்து, டேட்டா டேபில் டேட்டா வேலிடேஷன் கிளிக் செய்யவும். அலவ் என்ற இடத்தில் லிஸ்ட் என்பதனைத் தேர்ந்தெடுத்து, சோர்ஸ் கட்டத்தில் மூன்று சொற்களையும் காற்புள்ளி இட்டு டைப் செய்து ஓகே கிளிக் செய்திடவும். இனி செல்லில் கிளிக் செய்தால் சிறிய அம்புக்குறி கிடைக்கும். அதில் தேர்ந்தெடுத்தால் போதும். லிப்ரே ஆபீஸில் இது டேட்டா மெனுவில் வேலிடிட்டி என்ற பெயரில் உள்ளது. அங்கு ஒவ்வொரு சொல்லையும் தனி வரியில் தர வேண்டும்.

தமிழில் டைப் செய்ய, விண்டோஸ் செட்டிங்ஸ் பிரிவில் தமிழ் மொழியைச் சேர்த்து, பழகிய கீபோர்ட் அமைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளுங்கள். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பார் அழுத்தினால் ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் மாறலாம்.

பார்முலாக்கள்

கீழே பார்முலாக்களைத் தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். செல் பெயர்களையும் பங்ஷன் பெயர்களையும் ஆங்கில எழுத்துக்களில், இடைவெளி இன்றி டைப் செய்திடவும். மேற்கோள் குறிகளுக்குள் உள்ள "விற்றது" என்ற சொல் மட்டும் தமிழிலேயே இருக்க வேண்டும்.

1. எப்2 செல்லில்: =ரவுண்ட்அப்((டி2+இ2)*1.15,-1)

வாங்கிய விலையையும் செலவையும் கூட்டி, அதன் மேல் 15 சதவீதம் சேர்த்து, அடுத்த பத்து ரூபாய்க்கு உயர்த்தித் தரும். 15 என்பது நாங்கள் வைத்துக் கொண்ட கணக்கு. உங்கள் உழைப்புக்கு ஏற்ப மாற்றிக் கொள்ளலாம்.

2. ஜே2 செல்லில்: =இஃப்(ஐ2="","",ஐ2-டி2-இ2)

விற்ற விலை எழுதாதவரை செல் காலியாக இருக்கும். எழுதியவுடன் லாபத்தைக் காட்டும்.

3. கே2 செல்லில்: =இஃப்(சி2="","",இஃப்(எச்2="",டுடே(),எச்2)-சி2)

பொருள் நம்மிடம் எத்தனை நாட்கள் இருந்தது என்பதைத் தரும். விடை தேதி போலத் தோன்றினால், அந்த நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து ஹோம் டேபில் ஜெனரல் பார்மட்டிற்கு மாற்றவும்.

ஒவ்வொரு பார்முலா செல்லின் வலது கீழ் மூலையிலும் சிறு சதுரம் இருக்கும். அதனை மவுஸால் பிடித்து 200ஆவது வரிசை வரை இழுத்தால் எல்லா வரிசைகளுக்கும் பார்முலா அமைந்து விடும்.

லாபம் ஆயிரம், பணம் எங்கே?

இப்போது நான்கு பொருட்களை வைத்துப் பார்ப்போம். இவை கணக்கு புரிவதற்கான எடுத்துக்காட்டு எண்கள்.

மானிட்டர்: விலை 1,200, செலவு 150, குறைந்த விலை 1,560, விற்றது 1,800, லாபம் 450.
மேசை: விலை 900, செலவு 400, குறைந்த விலை 1,500, பேசியது.
பிரிண்டர்: விலை 2,000, செலவு 650, குறைந்த விலை 3,050, விற்றது 3,200, லாபம் 550.
கீபோர்ட், மவுஸ்: விலை 250, செலவு இல்லை, குறைந்த விலை 290, இருப்பு.

எம்1 செல்லில் =சம்(ஜே2:ஜே200) என டைப் செய்து என்டர் தட்டவும். 1,000 எனக் கிடைக்கும். இதுதான் லாபம். ஆனால் பர்ஸைத் திறந்து பார்த்தால் இந்த ஆயிரம் இருக்காது. நான்கு பொருட்களுக்கும் போட்ட பணம் 5,550 ரூபாய். கைக்கு வந்தது 5,000 ரூபாய். அதாவது கையில் 550 ரூபாய் குறைகிறது!

எம்2 செல்லில் கீழ்க்காணும் பார்முலாவைத் தரவும்.

=சம்இஃப்(ஜி2:ஜி200,"<>விற்றது",டி2:டி200)+சம்இஃப்(ஜி2:ஜி200,"<>விற்றது",இ2:இ200)

சிறியது, பெரியது ஆகிய இரு குறிகளும் சேர்ந்து வந்தால் "சமமில்லை" என்று பொருள். விற்காத பொருட்களில் முடங்கிய பணத்தை இது கூட்டித் தரும். விடை 1,550. லாபம் ஆயிரத்திலிருந்து இதைக் கழித்தால் மைனஸ் 550. பர்ஸில் குறைந்த தொகை இதுதான். பணம் தொலையவில்லை. மேசையாகவும் கீபோர்டாகவும் வீட்டு மூலையில் நிற்கிறது.

வாரா வாரம் எம்1, எம்2 ஆகிய இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எம்1 உயர்ந்து எம்2 அதைவிட வேகமாக உயர்ந்தால், புதிதாக வாங்குவதை நிறுத்த வேண்டிய நேரம் வந்து விட்டது. டேட்டா டேபில் பில்டர் கிளிக் செய்து, நாட்கள் அதிகமான பொருட்கள் மேலே வரும்படி அடுக்கிப் பாருங்கள். எந்த வகைப் பொருள் தேங்குகிறது என்பது கண்ணில் படும். இரண்டு மாதம் நின்ற பொருளைப் போட்ட விலைக்கே தந்து விடுவது நல்லது. அந்தப் பணத்தில் விரைவில் விற்கும் பொருள் ஒன்றை வாங்கலாம்.

இருவருக்கும் ஒரே பைல்

பைல் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் வெளியே சென்றவருக்குப் பயன்படாது. இதே அமைப்பைக் கூகுள் ஷீட்ஸ் தளத்தில் ஏற்றி, ஷேர் பட்டனை கிளிக் செய்து, துணைவரின் மின்னஞ்சல் முகவரியைத் தந்து, எடிட்டர் உரிமை வழங்கவும். மேலே சொன்ன பார்முலாக்கள் அங்கும் செயல்படும். மொபைல் போனில் ஷீட்ஸ் அப்ளிகேஷன் மூலம் இருவரும் பார்க்கலாம்.

இதன் பின்னர், "கடைசி விலை என்ன?" என்று யார் போன் எடுத்தாலும் எப் நெட்டு வரிசையைப் பார்த்துப் பேசலாம். ஒருவர் முன்பணம் பெற்றவுடன் நிலையைப் "பேசியது" என மாற்றி விட வேண்டும். அடுத்தவர் கேட்டால், "இல்லீங்க, பேசி முடிச்சாச்சு" என்று மற்றவரும் சொல்லலாம். நாங்கள் கடைப்பிடிக்கும் விதி ஒன்று: முதலில் ஒர்க் ஷீட்டில் மாற்றிவிட்டுத்தான் வாக்குக் கொடுப்போம்.

வாங்கும் முன், விற்கும் முன்

1. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக் கொண்டது. விண்டோஸ் 11 தொகுப்பிற்கு டிபிஎம் 2.0 தேவை. பழைய கம்ப்யூட்டர் வாங்கும்போது விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, டிபிஎம்.எம்எஸ்சி என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் அது உள்ளதா எனத் தெரியும். இல்லாவிட்டால் அதற்கேற்ப விலை பேசவும்.

2. தமிழக அரசு மாணவர்களுக்கு இலவசமாக வழங்கிய, அரசு முத்திரை உள்ள லேப்டாப்களை வாங்காதீர்கள். மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

3. கம்ப்யூட்டரை விற்கும் முன் அதிலுள்ள பைல்களை டெலீட் செய்தால் மட்டும் போதாது. அவற்றை மீட்க முடியும். செட்டிங்ஸ் பிரிவில் ரெகவரி சென்று, ரீசெட் திஸ் பிசி கிளிக் செய்து, ரிமூவ் எவ்ரிதிங் என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். அடுத்து சேஞ்ச் செட்டிங்ஸ் கிளிக் செய்து, கிளீன் டேட்டா என்பதனை இயக்கவும். நமக்கு விற்றவரின் குடும்பப் படங்களும் வங்கி விவரங்களும் இன்னொருவர் கைக்குப் போகாமல் காப்பது நம் பொறுப்பு.

4. யுபிஐ மூலம் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. "பணம் அனுப்பியிருக்கிறேன், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் எண் போடுங்கள்" என்று எவரேனும் சொன்னால் பேச்சை முடித்துக் கொள்ளுங்கள். ஏமாற்றப்பட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யலாம்.

ஆன்லைனில் பழைய பொருள் விற்பது வந்து ஆண்டுகள் பல ஆகி விட்டன. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு பியர் ஒமிட்யார் தொடங்கிய தளம் பின்னர் ஈபே ஆனது. அதில் முதலில் விற்றது பழுதான ஒரு லேசர் பாயிண்டர், விலை 14.83 டாலர். பழுதான பொருளுக்கும் வாங்குபவர் இருக்கிறார். அதை நாம் என்ன விலைக்கு வாங்கினோம், என்ன செலவு செய்தோம் என்பது தெரிந்திருந்தால்தான் விற்பதில் பயன் உண்டு.

முதலில் உங்கள் வீட்டிலேயே பயன்படாமல் கிடக்கும் ஐந்து பொருட்களைப் பட்டியலிட்டு இந்த ஒர்க் ஷீட்டைப் பழகுங்கள். பார்முலாக்கள் சரியாக விடை தருவதைச் சோதித்த பின் பணம் போட்டு வாங்கத் தொடங்குங்கள்.