"செட்டில்" என்னும் சொல்: வியாபாரிகளுக்கு ஓர் ஆங்கிலப் பாடம்

நம் கிளமெண்டி வட்டாரத்துக் கடைகளில் காலை முதல் இரவு வரை காதில் விழும் ஆங்கில வார்த்தைகளை ஒருவர் எண்ணிப் பார்ப்பாரானால், "செட்டில்" என்பது முதல் சிலவற்றுள் நிற்கும். சரக்குக் கொண்டு வருபவர் "பில் செட்டில் ஆகிவிட்டதா?" என்கிறார். வாடிக்கைக்காரர் "நாளைக்கு செட்டில் பண்ணுகிறேன்" என்கிறார். குழாய் ஒழுகினால் செட்டில், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்தால் செட்டில், அண்டை வீட்டாருடன் மனஸ்தாபம் தீர்ந்தால் அதுவும் செட்டில். தமிழர், மலாய்க்காரர், சீனர் யாவரும் ஒரே மாதிரியாகப் பிரயோகிக்கும் வார்த்தை இது. இவ்வளவு சுலபமாக வாயில் வரும் சொல், கடிதத்திலும் பத்திரத்திலும் ஏறும்போது வேறு முகம் காட்டுகிறது. அந்த முகத்தை அறியாமல் கையெழுத்திட்டால் கைப்பொருள் போகும். ஆகவே இந்தப் பாடத்திற்கு இதனையே எடுத்துக் கொண்டோம்.

முதலில் பிறப்பைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் "ஸெட்ல்" என்றால் ஆசனம். உயர்ந்த முதுகுப் பலகையுள்ள நீண்ட மர பெஞ்சுக்கு இன்றும் ஆங்கிலத்தில் "செட்டில்" என்றே பெயர். ஆசனத்தில் அமர்த்துவது, ஓரிடத்தில் நிலைபெறச் செய்வது என்பதே வினைச்சொல்லின் முதல் அர்த்தம். கோப்பையில் காப்பித்தூள் அடியில் படிவதும், தூசி அடங்குவதும், பறவை கிளையில் அமர்வதும் இந்த அர்த்தத்தின் பிள்ளைகள். இதற்கு அருகிலேயே, சமாதானம் செய்து வைப்பது என்று பொருள்படும் வேறொரு பழஞ்சொல் ஆங்கிலத்தில் இருந்தது. ஒலியில் இரண்டும் ஒத்திருந்தமையால், அதன் பொருளும் வந்து இதனோடு கலந்துவிட்டது என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். ஆகவே உட்காருவதும் வழக்குத் தீர்வதும் ஒரே சொல்லில் அடங்கியதில் வியப்பில்லை.

நம் பெரியவர்கள் இந்த வார்த்தையைத் தேடி ஆங்கிலத்துக்குப் போகவில்லை. "கணக்கைப் பைசல் செய்தாயிற்று" என்றார்கள். பிரித்தல், முடிவு செய்தல் என்னும் அரபு வேரிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த சொல் பைசல். "ராஜி" என்பதும் அரபு வழி வந்ததே. இருவரும் மனமொப்புவது அதன் பொருள். தூய தமிழில் "தீர்" என்னும் அடியொன்று போதும்: கடன் தீர்த்தல், வழக்குத் தீர்ப்பு, நிலத்தீர்வை. பைசல், ராஜி, தீர்வை, குடியேற்றம் என்று நாம் நான்காகப் பிரித்து வைத்திருப்பதை ஆங்கிலேயன் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறான். மூட்டையை அவிழ்த்துப் பார்த்து வாங்குவது வாங்குகிறவன் பொறுப்பு.

குடியேற்றம் என்றோம். 1826-ஆம் ஆண்டில் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகிய மூன்றையும் இணைத்துக் கம்பெனியார் அமைத்த ஆட்சிக்கு "ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்" என்று பெயர். நீரிணைக் குடியேற்றங்கள் என்பது பொருள். 1867-இல் அது இந்தியாவின் பொறுப்பிலிருந்து நீங்கி நேராக லண்டனின் கீழ்ச் சென்றது, 1946-இல் கலைக்கப்பட்டது. நம் வட்டாரத்தின் பெயரே அந்த ஆட்சியின் மிச்சம்தான். சர் செசில் கிளமெண்டி ஸ்மித் 1887 முதல் 1893 வரையிலும், சர் செசில் கிளமெண்டி 1930 முதல் 1934 வரையிலும் அதன் ஆளுநர்களாய் இருந்தார்கள். இவர்களில் யார் பெயரால் கிளமெண்டி என்ற பெயர் வழங்குகிறது என்று தர்க்கம் செய்பவர் உண்டு. நாம் அதில் நுழையவில்லை. இருவருமே செட்டில்மென்ட்ஸின் ஆளுநர்கள் என்பது நம் பாடத்திற்குப் போதும்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். "பே" என்றால் பணம் கொடுப்பது. "செட்டில்" என்றால் கொடுத்துக் கணக்கை முடிப்பது. ஆயிரம் வெள்ளி பாக்கியில் நானூறு கொடுத்தவர் "பெய்டு" என்று எழுதலாம். "செட்டில்டு" என்று எழுதக் கூடாது. நாமும் வாங்கிக்கொண்டு அப்படி எழுதிக் கொடுக்கக் கூடாது. பகுதித் தொகை வந்தால் ஆங்கிலத்தில் "ஆன் அக்கவுண்ட்" என்று குறிப்பதே முறை. "கணக்கில் வரவு" என்று நம் பேரேட்டில் எழுதுவதற்கு நேரானது அது. இந்தச் சிறு வேற்றுமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

ஒரு கடைக்காரர் 5,200 வெள்ளிக்குத் துணி அனுப்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். வாங்கியவர் சில உருப்படிகள் பழுது என்று சொல்லி, 4,000 வெள்ளிக்குக் காசோலை அனுப்புகிறார். உடன் வந்த கடிதத்தில் "இன் ஃபுல் அண்டு ஃபைனல் செட்டில்மென்ட்" என்று ஒரு வரி. முழுமையாகவும் இறுதியாகவும் பைசல் என்பது இதன் அர்த்தம். காசோலையை வங்கியில் போடலாமா? பேநவ் வழியாகப் பணம் தானாகவே வந்து விழுந்து, குறுஞ்செய்தியில் இதே வரி வந்தால் என்ன செய்வது?

இங்கிலாந்துச் சட்டம் இதைப் பற்றி நானூறு ஆண்டுகளாக யோசித்து வருகிறது. 1602-ஆம் ஆண்டில் பின்னெல் என்பவரின் வழக்கில் சொல்லப்பட்ட நியாயம் இது: தர வேண்டிய நாளில் குறைந்த தொகையைத் தருவதால் மட்டும் முழுக் கடனும் தீராது. ஆனால் பணத்துக்குப் பதிலாக ஒரு குதிரையோ, வல்லூறோ, அங்கியோ கொடுத்து, கடன் கொடுத்தவர் அதை ஒப்புக் கொண்டால் தீரும்; ஏனெனில் அது அவருக்குப் பணத்தைவிடப் பயன்படக்கூடும். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறது. எனினும் 1884-இல் பிரபுக்கள் சபை இந்த நியாயத்தை ஃபோக்ஸ் – பியர் வழக்கில் உறுதி செய்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த டி அண்டு சி பில்டர்ஸ் – ரீஸ் வழக்கு நம் போன்ற சிறு வியாபாரிகளுக்கு இன்னும் நெருக்கமானது. கட்டடவேலை செய்த சிறு நிறுவனத்துக்கு 482 பவுன் வர வேண்டியிருந்தது. அவர்கள் பண நெருக்கடியில் இருப்பதை அறிந்து, 300 பவுன் வாங்கிக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று எதிர்த் தரப்பில் சொல்லப்பட்டது. வேறு வழியின்றி, கணக்கு முடிந்ததென்று எழுதிக் கொடுத்து வாங்கினார்கள். பின்னர் வழக்குத் தொடுத்தபோது, மீதியைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் துணிந்து எதற்கும் கையெழுத்திட்டுவிட வேண்டாம்! மேற்சொன்ன நியாயம், தொகையில் தகராறு இல்லாத கடனுக்கே பொருந்தும். சரக்கு பழுதா இல்லையா என்று உண்மையான தகராறு இருக்கும்போது, குறைந்த தொகைக்கு ஒப்புவது ராஜியாகிவிடும்; ராஜி இருவரையும் கட்டும். நம் துணிக்கடைக்காரரின் நிலை இதுவே. அவர் அந்த வரியைக் கண்டவுடனே, பணத்தைக் கணக்கில் வரவாக மட்டும் ஏற்பதாகவும், பாக்கி 1,200 வெள்ளி நிற்பதாகவும் எழுத்து மூலம் பதில் போட வேண்டும். மௌனமாய் இருந்தால் அந்த மௌனமே சம்மதமென்று பின்னால் வாதிக்கப்படும். தொகை பெரிதானால் பதில் எழுதுமுன் வழக்கறிஞரைக் கலந்து கொள்வது மேல்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, வர வேண்டியதைக் குறைத்துப் பெற்றுக் கொள்ளவோ அடியோடு விட்டுக் கொடுக்கவோ கடன் கொடுத்தவருக்கு இடம் தருகிறது. அச்சட்டமே தரும் உதாரணத்தில், 5,000 ரூபாய்க் கடனுக்கு 2,000 ரூபாயை முழுக்கடனுக்கும் ஈடாக ஏற்றுக் கொண்டால் கடன் முழுவதும் தீர்ந்தது. குதிரையும் வேண்டாம், வல்லூறும் வேண்டாம். ஆகவே சிங்கப்பூரிலும் ஊரிலும் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள், அங்கே எழுதிக் கொடுக்கும் "செட்டில்டு" இங்கே எழுதுவதைவிடக் கனமானது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தகராறு முற்றினால் போக இடமுண்டு. பொருள் விற்பனை, சேவை ஒப்பந்தம் பற்றிய 20,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைகளைச் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. இரு தரப்பும் எழுத்து மூலம் இசைந்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அங்கே முதலில் செய்வதும் கலந்துபேச அழைத்து "செட்டில்" செய்யப் பார்ப்பதுதான். இந்த இடத்தில் சொல்லின் அர்த்தம் தீர்ப்புக்கு நேர் எதிரானது: நீதிபதி முடிவு சொல்லாமல், இரு தரப்பாரும் தாமே முடித்துக் கொள்வது.

ஊர்ப் பத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பத்திரப் பதிவு அலுவலகங்களில் "செட்டில்மென்ட் பத்திரம்" என்றால் பாகப் பிரிவினையோ தகராறு தீர்ந்ததற்கான ஆவணமோ அன்று. ஒருவர் தம் சொத்தை விலை வாங்காமல் குடும்பத்தார் போன்றவருக்கு, தம் ஆயுட்காலத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுவது அது. மரண சாசனத்தை உயிரோடிருக்கும் வரை மாற்றலாம். இதை அப்படி நினைத்தபடி மாற்ற முடியாது. "அண்ணன் தம்பிக்குள் செட்டில்மென்ட், ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று ஊரிலிருந்து காகிதம் வந்தால், எந்தச் செட்டில்மென்ட் என்று கேட்டுவிட்டே பேனாவைத் திறக்க வேண்டும். நம்மவர் செய்யும் ஹிபாவுக்கோ, கொடுப்பவர் கூறுதல், பெறுபவர் ஏற்றல், சொத்தின் சுவாதீனத்தை ஒப்படைத்தல் என மூன்றும் வேண்டும். காகிதத்தில் எழுதிவிட்டுச் சாவியைத் தாமே வைத்துக் கொண்டிருந்தால் பின்னால் வழக்குத்தான்.

அடுத்து வருவது கொஞ்சம் கசப்பான அர்த்தம். மலேசியப் பேச்சு வழக்கிலும் ஓரளவு இங்கும், அதிகாரியிடம் "இங்கேயே செட்டில் பண்ணிவிடலாமா?" என்றால் கையூட்டுத் தருவதாகவே பொருள் கொள்ளப்படும். அபராதத்தை அந்த இடத்திலேயே கட்டிவிடலாமா என்று கேட்க நினைத்த அப்பாவி மனிதர் வேறு விதமாகப் புரிந்து கொள்ளப்படலாம். சிங்கப்பூரில் 1960-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டப்படி, கொடுக்க முன்வருவதே குற்றம். 100,000 வெள்ளி வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். கடைக்குச் சோதனைக்கு வருபவரிடமும், பாலத்தைத் தாண்டிக் கார் ஓட்டும்போது வழியில் நிறுத்துபவரிடமும் இந்த வார்த்தையை எடுக்கவே வேண்டாம். அபராதத்தை எங்கே, எப்படிச் செலுத்துவது என்று கேளுங்கள். அதற்கு "பே" போதும்.

பின்னால் ஒட்டும் சிறு சொற்களையும் கவனிப்போம். "செட்டில் ஆன்" என்றால் பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்து முடிவு செய்வது. "செட்டில் ஃபார்" என்றால் விரும்பியது கிடைக்காமல் கிடைத்ததோடு அமைவது. புதிய சரக்கைத் தேர்ந்தெடுத்தோம் என்று வாடிக்கைக்காரருக்கு எழுதும்போது "ஆன்" போட வேண்டிய இடத்தில் "ஃபார்" போட்டால், வேறு நல்லது கிடைக்கவில்லை, இதை வைத்துச் சமாளிக்கிறோம் என்று நாமே நம் சரக்கைக் குறை கூறியதாகிவிடும். "செட்டில் அப்" என்பது உணவகத்தில் கணக்குக் கொடுத்துக் கிளம்புவது. "செட்டில் இன்" என்பது புது வீட்டுக்கும் புது வேலைக்கும் பழகிக் கொள்வது. ஊரிலிருந்து புதிதாய் வந்த பையனைப் பற்றி முதலாளியிடம் சொல்ல ஏற்ற வார்த்தை. "செட்டில் டவுன்" என்பது அலைச்சல் விட்டு நிலையாய் அமர்வது. கூச்சலிடும் பிள்ளைகளை அடக்குவதற்கும் அதுவே.

நம் தமிழில் "மகன் செட்டில் ஆகிவிட்டானா?" என்று கேட்கிறோமே, அதில் வேலை, கல்யாணம், வீடு மூன்றும் அடங்கும். ஆங்கிலேயனிடம் இதையே கேட்டால் எதில், எங்கே என்று திரும்பக் கேட்பான். அவன் மொழியில் ஆள் செட்டில் ஆவதற்கு ஓர் இடமோ ஒரு வேலையோ கூடவே நிற்க வேண்டும். எனவே விண்ணப்பங்களில் "ஐ ஆம் செட்டில்டு" என்று மொட்டையாய் நிறுத்தாமல், எந்த ஆண்டு முதல் எந்த ஊரில் என்று சேர்த்து எழுதுக. இன்னொன்றும் உண்டு: கடையின் சுவரில் கோடு விட்டிருப்பதைப் பார்க்க வரும் பொறியாளர் "செட்டில்மென்ட்" என்று எழுதிவிட்டுப் போனால், விஷயம் முடிந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். அடித்தளம் மண்ணில் இறங்கியிருக்கிறது என்பதே அங்கே அதன் அர்த்தம்.